உத்திரத்து வாக்கு

உக்கிரபாண்டி கஞ்சி போட்ட சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கூமாப்பட்டியிலிருந்து வேல்சாமி போன் பண்ணினான். சித்தப்பா மகன், இவரைவிட இளையவன். நல்ல சேதி என்றால் பஸ் ஏறி நேரில் வருவான். குத்திப் பேச வேண்டும் என்றால்தான் போன்.

“அண்ணே, ஒரு சந்தேகம். வேட்கைன்னா என்னண்ணே?”

“காலங்காத்தால என்னலே கேக்க?”

“இல்ல, நம்ம குடும்பக் குரூப்புல மருமக பேரு போட்டு ஒரு அழைப்பிதழ் வந்திருக்கு. பெண்களின் வேட்கையாம்ல. நான் எட்டாங்கிளாஸ் பெயிலு. எனக்கு என்ன தெரியும்? அதான் இன்ஸ்பெக்டர் அண்ணன்கிட்ட கேட்டுக்கிடுவோம்னு.”

உக்கிரபாண்டி போனை வைத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குரூப்பைத் திறந்தார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு அழைப்பிதழ். ராஜபாளையத்தில் கல்பனா வேலை பார்க்கும் கல்லூரியின் தமிழ்த்துறை. முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. அதன் கீழே கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘நவீன ஜப்பானியப் புனைகதைகளில் பெண்களின் மறை அதிகாரமும் வேட்கையும்’. அதற்கும் கீழே ‘ஆய்வாளர்: ச. கல்பனா. அனைவரும் வருக.’ அந்தச் ‘ச’ அவருடைய மகன் சதீஷ். அசாமில் பட்டாளத்தில் ஹவில்தாராக இருக்கிறவன். வேட்கைக்கும் தன் மகனுடைய எழுத்துக்கும் நடுவே விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் அச்சடித்திருப்பதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். கீழே சொந்தக்காரர்கள் வரிசையாகக் கும்பிடும் கை போட்டு வைத்திருந்தார்கள். எந்தக் கை வாழ்த்துகிறது, எந்தக் கை சிரிக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

மருமகள் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்பதை அவர் எங்கேயும் மறைத்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துத் தெருவில், ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் கூடுகிற இடத்தில், கல்யாணப் பந்தியில் என்று பல இடங்களில் தானாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஜப்பானைப் பற்றிய ஆராய்ச்சி என்றும் சொல்லியிருக்கிறார். ஜப்பான் என்றால் ரயில், கடிகாரம், ஒழுங்கு. அதில் என்ன கோளாறு இருந்துவிடப்போகிறது என்று மேற்கொண்டு விசாரித்ததில்லை. சர்வீஸில் அவர் எழுதாத முதல் தகவல் அறிக்கை இல்லை. பெண் வீட்டைவிட்டுப் போன வழக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்: ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்று’. ஆசை என்பது ஆணின் வாயிலிருந்து புறப்படுவது. பெண் அதைக் காதில் வாங்கி ஏமாந்துபோகிறவள். ஸ்டேஷனில் அந்த வரியை எழுதி எழுதி அவருக்கு அது உலகத்தின் சட்டமாகவே ஆகிவிட்டிருந்தது.

கல்பனா சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பி வந்தாள். அவர் வாசற்படிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் தலைப்பை மாத்திரு.”

“மாத்த முடியாது மாமா. யுனிவர்சிட்டியில ஆய்வேட்டையே ஏத்துக்கிட்டாங்க. இனிமே வாய்மொழித் தேர்வு மட்டுந்தான்.”

“அப்ப அந்தச் சொல்லை மட்டும் எடு.”

“எந்தச் சொல்லு மாமா?”

அவரால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கொலைக் குற்றவாளிகளிடம் கேட்கக் கூசும் கேள்விகளையெல்லாம் கூசாமல் கேட்டவர், மருமகள் முகத்துக்கு நேரே அந்த மூன்று எழுத்தைச் சொல்ல நாக்கு எழாமல், “கடைசிச் சொல்லு,” என்றார்.

“அதை எடுத்தா ஆராய்ச்சியில பாதி போயிரும்.”

“போகட்டும். மிச்சப் பாதி போதும்.”

“மிச்சப் பாதி அதிகாரம் மாமா.”

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டினாள். அவருக்குக் காது சுட்டது.

“இந்த வீட்டுப் பேரைப் போட்டு அது நடக்காது. ஊரைக் கூட்டி, மைக்கு வச்சு, நம்ம வீட்டுப் பொம்பளை அதைப் பேசுததா? நான் இருக்கிற வரைக்கும் நடக்காது.”

கல்பனா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “பிள்ளையைக்கூடத் தள்ளிப்போட்டுப் படிச்சது மாமா. பஸ் போயிரும். சாயங்காலம் பேசுவோம்,” என்று நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுக்களை நிலையைப் பிடித்தபடி வெள்ளத்தாய் நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் நிற்பதும் போவதும் சத்தம் காட்டாது.

“நீ என்ன சொல்லுத?” என்றார்.

“நீங்க சொன்னாச் சரி.”

கல்யாணமாகி வந்த நாள் முதலாக அவள் வீட்டுக்குள் சொல்லிவந்த பதில் அது ஒன்றுதான். அந்தப் பதிலில்தான் அந்த வீடு நிமிர்ந்து நிற்கிறது என்று அவர் நினைத்திருந்தார்.

சதீஷுக்குப் போன் போட்டபோது அவன் இரண்டு பக்கமும் சாயாமல் பேசினான். “நீங்களும் அவளும் மல்லுக்கட்ட வேண்டாம்பா. பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டு வாரேன். பேச்சிகிட்ட கேட்ருவோம். ஆத்தா போகச் சொன்னாப் போகட்டும். வேண்டாம்னு சொன்னா நானே நிப்பாட்டிருதேன்.” வாய்மொழித் தேர்வு உத்திரம் கழிந்த அடுத்த வாரம். உக்கிரபாண்டி அப்போதே பாதி ஜெயித்துவிட்டதாக எண்ணினார். பேச்சி அவர் வீட்டுத் தெய்வம். அவர் மானத்துக்கு எதிராக அவள் பேசமாட்டாள். கல்பனாவும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதுதான் அவருக்குக் கொஞ்சம் புதிராக இருந்தது.

கூமாப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் சாஸ்தா கோவில். அதில் பேச்சியம்மனுக்குத் தனிப் பீடம். உத்திரத்தன்று பங்காளிகள் எல்லாரும் பொங்கல் வைக்கக் கூடுவார்கள். பேச்சி வெள்ளத்தாய் மேல் இறங்குவாள். பிரிவினைத் தகராறு, பெண் கொடுப்பது, நிலம் வாங்குவது, விற்பது எல்லாம் அங்கே கேட்கப்படும். ஆத்தா வாயிலிருந்து வந்த வாக்கை எவரும் மீறியதில்லை. மீறாதவர்களில் முதல் ஆள் உக்கிரபாண்டி. வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாதவர், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். தெய்வத்துக்கு முன்னால் வளைகிற முதுகு மனிதனுக்கு முன்னால் வளைய வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

முதல் தடவை பேச்சி இறங்கியபோது சதீஷ் கைக்குழந்தை. அதற்கு முந்தின வாரம் ஏதோ ஒரு கோபத்தில் அவர் வெள்ளத்தாயைப் பெல்ட்டால் அடித்திருந்தார். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் அவள் உடம்பு உதறியது. நேராக வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, “இந்தக் கை இனி ஓங்கப்படாது,” என்றாள். குலவைச் சத்தத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதன் பிறகு அவர் கை ஓங்கியதில்லை. கூமாப்பட்டித் தென்னந்தோப்பை விற்க அட்வான்ஸ் வாங்கப்போன வருஷம் ஆத்தா தடுத்தாள். சதீஷுக்கு மேலத்தெருவில் பார்த்த பணக்காரச் சம்பந்தத்தை வேண்டாம் என்று தள்ளி, சிவகாசிப் பள்ளிக்கூட வாத்தியார் மகள் கல்பனாவைக் காட்டியதும் ஆத்தாதான்.

இன்னொரு வாக்கும் இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சதீஷுக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை தொட்டிலில் போடுமுன் போய்விட்டது. அவர் அடுத்த பிள்ளைக்கு அவசரப்பட்டார். அந்த உத்திரத்தில் பேச்சி இறங்கி, பெரியவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: “இந்த உடம்பு எனக்கு வீடு. இனி இதுல நீ குடியிருக்கக் கூடாது.” அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அன்றைக்கே தன் கட்டிலை முன்னறைக்குத் தூக்கிப் போட்டார். வேறு இடம் தேடிப் போகவும் இல்லை. போலீஸ் உத்தியோகத்தில் அதற்கு வழியில்லாமலும் இல்லை. ஆனாலும் அப்படியே இருந்தார். அவருடைய அந்த வைராக்கியத்தைச் சொந்தபந்தம் அறியும். “ஆத்தா சொல்லுக்கு வாழ்க்கையவே குடுத்த மனுசன்,” என்று அவர் நாலடி தாண்டிப் போனதும் பேசுவது சில சமயம் காதில் விழும். அப்போதெல்லாம் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிரும்.

உத்திரத்துக்கு ஐந்தாறு நாள் இருக்கையில் வெள்ளத்தாய் விரதம் தொடங்கியிருந்தாள். ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியாரும் மருமகளும் பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் உக்கிரபாண்டி செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். கல்பனா அவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது வழக்கம்தான் என்பதை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார்.

“பனி கொட்டுற ஊரு அத்தை. அங்க ஒரு சத்திரம். சத்திரக்காரன் பொண்டாட்டிக்கு அடிக்கடி நெஞ்சு படபடன்னு வந்து மயக்கம் போட்டிரும். அவளுக்குப் பிடிக்காத காரியம் எதை எடுத்தாலும் சரி, மயக்கம் வந்திரும். காரியம் நின்னுபோகும்.”

“கெட்டிக்காரி.”

“மாசத்துக்கு ஒருக்க ரயிலேறிப் பக்கத்து டவுன்ல ஒரு டாக்டரைப் பாக்கப் போவா. அவர் அவ மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாப்பாரு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு ஒரு நிமிசம். நோய் ஒண்ணும் இல்லைன்னு அவருக்கும் தெரியும். ஆனா அவரும் சொல்லமாட்டாரு, அவளும் கேக்கமாட்டா. அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லுவாரு. அந்த ஒரு நிமிசத்துக்காக வயசாகிற வரைக்கும் நோயாளியாவே இருந்தா.”

காம்பு கிள்ளும் சத்தம் நின்றது.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான் அத்தை.”

“அம்புட்டும் போதும்ல,” என்றாள் வெள்ளத்தாய். பிறகு குரலை மாற்றி, “ஏட்டி, அந்த ஊர்ல சாமி ஏறாதோ?”

“ஏறும். அதை வச்சும் கதை இருக்கு. இவ நோயை எடுத்துக்கிட்டா.”

“கூறுகெட்டவ. நோவுக்காரிய எம்புட்டு நாளைக்குத் தாங்குவாங்க? ஒரு வாரத்துல சலிச்சிரும். சாமின்னாத்தான் கால்ல விழுவாங்க.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மிளகாய் நெடியில் ஒருத்திக்குத் தும்மல் வந்தது, அதற்கும் சிரித்தார்கள். வெள்ளத்தாய்க்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதை உக்கிரபாண்டி அறியமாட்டார். ஒரு பெண் தன் சிநேகிதியோடு சிரிக்கிற சிரிப்பு அது. செய்தித்தாளில் ஒரே பக்கம் சாயங்காலம் வரைக்கும் விரிந்தே கிடந்தது.

பொம்பளைகள் வெட்டிப்பேச்சு என்று அதை ஒதுக்கப் பார்த்தார். ஆனால் சந்தேகம் என்பது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்றாலும் அது ஓய்வு பெறவில்லை. கோவிலுக்குப் போகிற அன்று வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளத்தாய் மஞ்சள் சேலையில் கண்ணை மூடி இருந்தாள். சுந்தரபாண்டியம் தாண்டி வயல்கள் வந்தபோது ஒரு தடவை கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். திருவிழாவுக்குப் போகிற சிறுபெண் முகத்தில் இருப்பதுபோல ஒரு ஆவல். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

முற்பகல் வெயிலில் பொங்கல் பானைகள் பொங்கின. கொட்டு முழங்க வெள்ளத்தாய் மேல் பேச்சி இறங்கினாள். கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. வேப்பங்குலையை வாங்கிக்கொண்டு பீடத்தைச் சுற்றி வந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு என்று சொல்ல முடியாது. திருநீறு வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். கடைசியில் குடும்பத்துக்கு மூத்தவரான உக்கிரபாண்டி கைகட்டி முன்னால் வந்தார். சதீஷ் ஒரு பக்கம், கல்பனா பெண்கள் கூட்டத்தோடு இன்னொரு பக்கம்.

“ஆத்தா, மருமக ஒரு காரியத்துக்கு நிக்கா. குடும்பப் பேரு சந்தி சிரிச்சிரும்னு நான் நினைக்கேன். நீ சொல்லுதபடி.”

கொட்டு நின்றது. அவள் தலையை ஆட்டியபடியே மூச்சு வாங்கினாள்.

“பிள்ளை போகட்டும். எம் பிள்ளை பேசட்டும். நீயே முன்ன நின்னு கூட்டிட்டுப் போகணும். முன் வரிசையில உக்காந்து கேக்கணும்.”

பெண்கள் பக்கம் குலவை எழும்பியது. ஆண்கள் பக்கம் எழும்பவில்லை. வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான்.

“அண்ணே, தப்பா நினைக்கப்படாது. பேச்சி எப்பண்ணே ஜப்பானுக்குப் போனா? எனக்கு மனசு ஒப்பல. சூடம் வைங்க.”

அது வழக்கத்தில் உள்ளதுதான். வாக்கில் ஐயம் வந்தால் சாமியாடியின் உள்ளங்கையில் சூடம் ஏற்றலாம். பங்காளிகளில் யாரும் கேட்கலாம். ஏற்றுவது மூத்தவர் கையால்தான். வெள்ளத்தாய் மேல் சாமி இறங்கத் தொடங்கியதிலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. சதீஷ், “சித்தப்பா, என்ன பேச்சு இது,” என்று முன்னேறினான். அதற்குள் அவள் வேப்பங்குலையைக் கீழே போட்டுவிட்டு வலது கையை நீட்டிவிட்டாள். நீட்டியது வேல்சாமியை நோக்கி அல்ல, உக்கிரபாண்டியை நோக்கி.

அவர் சூடக்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது அவள் தலையாட்டம் நின்றது. அவிழ்ந்த கூந்தலுக்குள்ளிருந்து அவள் அவரைப் பார்த்தாள். எத்தனையோ பொய்ச்சாட்சிகளின் கண்ணைப் பார்த்துப் பழகியவர் அவர். மயக்கத்தில் செருகிய கண் எது, நடிக்கிற கண் எது என்று அவருக்குத் தெரியும். இது இரண்டும் இல்லை. மத்தியானக் கிணற்றுத் தண்ணீர்போல அடி தெரிகிற கண். வீட்டில் ஒருநாளும் நிமிர்ந்து அவரைப் பார்த்திராத கண். முழுக்க வெள்ளத்தாய். பேச்சி அங்கே எந்த மூலையிலும் இல்லை.

இது சாமி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்பனாவின் மைக்கும் மேடையும் இன்றோடு முடிந்துவிடும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே மற்றதும் வந்தது. சாமி இல்லை என்றால், இத்தனை வருஷம் சட்டையைக் கழற்றி அவர் விழுந்தது யார் காலில்? மணிக்கட்டைப் பிடித்தது யார்? முன்னறைக் கட்டிலுக்கு அவரை அனுப்பியது யார்? ஊர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துச் சிரிக்கும். வேல்சாமி இப்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். உக்கிரபாண்டி தீப்பெட்டியை உரசினார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது.

சூடம் நீலமும் மஞ்சளுமாக எரிந்தது. அவள் கையை இழுப்பாள் என்று பார்த்தார். இழுத்துவிட வேண்டும் என்று வேண்டினார். இழுக்கவேண்டாம் என்றும் அதே மூச்சில் வேண்டினார். அவள் விரல்கள் நடுங்கவில்லை. கண் அவர் முகத்தைவிட்டு அசையவில்லை. நெற்றியில் மட்டும் வியர்வை அரும்பிக் கோடாக இறங்கியது. கட்டி கரைந்து கடைசிச் சுடர் தானாகத் துடித்து அணையும் வரைக்கும் அந்தக் கை அப்படியே நின்றது. குலவை மலையில் மோதித் திரும்பியது. வேல்சாமி எல்லாருக்கும் முந்திக் காலில் விழுந்தான். உக்கிரபாண்டியும் விழுந்தார். மண்ணில் நெற்றி பட்டுக் கிடக்கும்போது, யார் காலில் விழுகிறோம் என்று தெரிந்து விழுவது இதுதான் முதல் தடவை என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, வெயில் தாழும் நேரத்தில் பின்கட்டுக்குப் போனார். கல்பனா கற்றாழையைக் கீறி அவள் உள்ளங்கையில் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அவரைக் கண்டதும் கல்பனா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“எரியுதா?” என்றார்.

“எரியத்தான செய்யும்.”

“சாமிக்கு எரியலையே.”

“சாமி போயிருச்சு. கை எங்கிட்டத்தான இருக்கு.”

அவர் துவைகல்லில் உட்கார்ந்தார். அவளுக்குச் சமமான உயரத்தில் அவர் உட்கார்வது வழக்கமில்லை.

“பொம்பளைப்பிள்ளை தவறிப்போன பொறவு, அந்த உத்திரத்துல ஒரு வாக்கு வந்ததே. அது ஆரு சொன்னது?”

“எனக்கு எப்படித் தெரியும்? இறங்குன பொறவு எனக்கு எதுவும் நினைப்பிருக்காதுன்னு ஊருக்கே தெரியும். பக்கத்துல நின்னு கேட்டது நீங்க.”

“வெள்ளத்தாயி.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. அவள் கையை மடியில் மலர்த்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வருசா வருசம் ஆத்தாகிட்ட எம்புட்டோ கேட்டிய,” என்றாள். குரலில் கோபம் இல்லை. அளந்து வைக்கிற மாதிரி இருந்தது. “புரமோசன் கேட்டிய. நிலம் கேட்டிய. மகனுக்கு வேலை கேட்டிய. எல்லாத்துக்கும் வாக்கு வந்துச்சு. அந்த ஒரு வாக்கைத் திருப்பி எடுத்திருன்னு ஒரு உத்திரத்துலயாவது கேட்டியளா?”

நாலு பேர் முன்னால் எப்படிக் கேட்பது என்று சொல்ல வாயெடுத்தார். அந்த நாலு பேருக்காகத்தான் கேட்காமலே இருந்தார் என்பது, யாரும் சொல்லாமலே அந்தப் பின்கட்டில் வந்து நின்றது.

“கேட்டிருந்தா?” என்றார் கடைசியில்.

“கேட்டிருந்தாத்தான தெரியும்.”

அவள் எழுந்து இடது கையால் கொடித்துணிகளை எடுக்கத் தொடங்கினாள். அவருடைய வேட்டியை, அவருடைய சட்டையை எடுத்து, வழக்கம்போல ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி மடித்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஆத்தா வாக்கு. கார் பிடித்து, எல்லாருக்கும் கொடுக்கப் பால்கோவாப் பெட்டிகளை ஏற்றி, கல்லூரி வாசலில் நெறியாளருக்குச் சால்வை போட்டார். வேல்சாமி குடும்பத்தோடு வந்திருந்தான். சூடத்துக்குப் பிறகு அவன் வாயில் மதினி என்கிற சொல் வராமல் ஆத்தா என்றே வந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் உக்கிரபாண்டிக்கு இடம். பக்கத்து வரிசையில் பெண்களோடு வெள்ளத்தாய். திரையில் தலைப்பு பெரிதாக விழுந்திருந்தது. அந்த மூன்று எழுத்தும் அவர் உயரத்துக்கு இருந்தன.

கல்பனா நன்றாகப் பேசினாள். இருமல்கூட இல்லாமல் அரங்கு கேட்டது. சத்திரக்காரியைப் பற்றிச் சொல்லும்போது அவள் கை தானாகத் தன் மணிக்கட்டைத் தொட்டு விலகியது. வீட்டுக்குள் வாய் திறக்காத பெண்கள் எதைக்கொண்டு வீட்டை ஆண்டார்கள், ஆண்டதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று வரிசையாக எடுத்துவைத்தாள். புறத்தேர்வாளர் சில கேள்விகள் கேட்டார். பிறகு எழுந்து, இது பொது வாய்மொழித் தேர்வு, அவையில் இருப்பவர்களும் கேட்கலாம் என்றார். மாணவி இந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நின்றாள். யாரும் கை தூக்கவில்லை. பின்னாலிருந்து வேல்சாமி, “அண்ணே, நம்ம சார்புல ஏதாவது கேளுங்கண்ணே. மரியாதையா இருக்கும்,” என்றான்.

உக்கிரபாண்டி எழுந்து மைக்கை வாங்கினார். சட்டைக் கஞ்சி மொடமொடவென்று சத்தம் போட்டது. சபையே அவரைப் பார்த்தது. வெள்ளத்தாய் திரும்பவில்லை. அவள் நேரே மேடையைப் பார்த்திருந்தாள். அவருக்குத் தெரிந்தது அவள் ஒரு பக்கக் காதும் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரமும் மட்டும்தான்.

“அந்தச் சத்திரக்காரியோட வீட்டுக்காரரு,” என்றார். மைக்கில் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “அவரைப் பத்திக் கதையில என்ன சொல்லியிருக்கு?”

கல்பனா மேசைமேல் இருந்த தாள்களைப் புரட்டப்போனவள், புரட்டாமல் நிறுத்தினாள்.

“அவரைப் பற்றி அதிகம் இல்லை,” என்றாள் மேடைத் தமிழில். பிறகு குரல் தணிந்து வீட்டுப் பேச்சுக்கு வந்தது. “அவருக்குக் கதையில பேரே வைக்கல மாமா.”

மாமா என்றதும் அரங்கில் ஒரு சிரிப்பு பரவியது, கெட்ட சிரிப்பு இல்லை. யாரோ கை தட்டத் தொடங்க மற்றவர்களும் தட்டினார்கள். கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்து இந்து மைக்கை வாங்கக் கை நீட்டினாள். “தாத்தா, மைக்கு,” என்றாள் மெதுவாக. பேரில்லாத அந்த ஆளுக்காக இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்ததுபோல அவர் உட்காரவில்லை. அவள் மைக்கின் தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மறுபடியும் இழுத்தாள். அவர் விரல்கள் அதைவிட்டுப் பிரியவில்லை.